மணல் வந்த வழி

எங்கள் கல்லூரியில் முதல் வருடத் தேர்வுகளில் ஒன்றை நூலகத்துக்குள் உட்கார்ந்து எழுத வேண்டும். மற்ற தாள்களுக்கு வழக்கம்போல ஹால் டிக்கெட், வரிசை வரிசையாக மேசைகள், நடுவில் நடந்துகொண்டே இருக்கும் ஆசிரியை எல்லாம் உண்டு. இந்த ஒரு தாளுக்கு மட்டும் அலமாரிகள் திறந்திருக்கும். எந்தப் புத்தகத்தையும் எடுக்கலாம். எழுந்து நடக்கலாம். கேள்வி ஒன்றே ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருத்திக்கும் வேறு வேறு. காலையில் உள்ளே போனால் சாயங்காலம்வரை நேரம் உண்டு.

சேர்ந்த முதல் நாளே முதல்வர் மேடையில் இதைச் சொன்னார். பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்ததால் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல்வர் மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேசினார். "உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு பார்க்கறதுக்காக உங்களை இங்க சேர்க்கலை. அதை உங்க பள்ளிக்கூடமே பார்த்தாச்சு. தெரியாத ஒண்ணு எதிர்ல வந்து நின்னா நீங்க என்ன பண்றீங்கன்னு பார்க்கத்தான் இந்த மூணு வருஷம்."

அம்மா என் காதருகே குனிந்தாள். "இன்னாடி சொல்லுது இந்தம்மா? அப்போ படிக்க வாணாமா?"

எனக்கும் புரியவில்லை. ராயப்பேட்டையில் நான் படித்த பள்ளியில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தோம். கணக்கைக்கூட. கேள்வியின் முதல் இரண்டு சொற்களைப் பார்த்தாலே போதும், விடை எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்முன் வந்து நிற்கும். அப்படித்தான் பள்ளியில் முதலிடத்துக்கு வந்தேன். மயிலாப்பூரில் இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் அதனால்தான். அந்தத் திறமைக்கு இங்கே வேலை இல்லை என்று ஒருவர் மேடையேறிச் சொன்னால் எப்படி நம்புவது?

நூலகத்தைப் பார்த்ததும் வேறொரு திகைப்பு வந்தது.

எங்கள் பள்ளியிலும் நூலகம் என்று ஒன்று இருந்தது. தலைமையாசிரியை அறையில் பூட்டிய இரும்பு பீரோ. அதை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. இங்கே படியேறி உள்ளே நுழைந்தால் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை அலமாரிகள். கூரை அத்தனை உயரம். நீளமான கம்பிகளில் மின்விசிறிகள் தொங்கின. மேல்தட்டுகளுக்கு ஏற, சக்கரம் வைத்த மர ஏணிகள். ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள். வெளியே லஸ் பக்கத்துப் போக்குவரத்து அப்படியே ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சத்தம் உள்ளே வரவில்லை. கோயிலுக்குள் கால் வைக்கும்போது தானாகக் கை செருப்பைத் தேடுமே, அதுபோல என் கை செருப்புக்குப் போய்விட்டது. வாசலில் பைகளை வாங்கி வைக்கும் அக்கா சிரித்தார். "போட்டுக்கினே போலாம்மா. ஆனா பையில கைடு எதுனா இருந்தா இங்கயே குடுத்துட்டுப் போ. கைடு உள்ள போவக்கூடாது."

அதுதான் நான் கேட்ட முதல் விதி. விடைகளைச் சுருக்கி அச்சடித்த எந்தப் புத்தகமும் நூலகத்துக்குள் நுழையக் கூடாது. என் பையில் இரண்டு கைடுகள் இருந்தன. கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டேன்.

மற்ற விதிகளை நூலகர் சொன்னார். நரை தெரிய ஆரம்பித்த, எப்போதும் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருக்கும் பெண்மணி. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வகுப்பும் இங்கே வர வேண்டும். வந்து என்ன படிக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுக்கலாம். இங்கே இல்லாத புத்தகம் வேண்டுமென்றால் ஊரில் வேறு எந்தக் கல்லூரியில் இருந்தாலும் கேட்டு வாங்கித் தருவார்கள். ஆனால் அலமாரியிலிருந்து எடுத்த புத்தகத்தை நாங்கள் திருப்பி அடுக்கக் கூடாது. மேசைமேல் அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஒருத்தி கேட்டாள். "ஏன் மேடம்? எடுத்தத எடுத்த எடத்துல வெக்கறதுதான நல்ல பழக்கம்?"

"வீட்ல நல்ல பழக்கம். இங்க ஒரு புத்தகம் ரெண்டு தட்டு தள்ளி மாறி உட்கார்ந்துடுச்சுன்னா அது தொலைஞ்ச மாதிரிதான். திருடு போனாக்கூட போயிடுச்சுன்னு தெரியும். இது இருக்கும், ஆனா கிடைக்காது." பிறகு சேர்த்துச் சொன்னார். "அதோட, சாயங்காலம் மேசைமேல என்னென்ன கிடக்குன்னு பார்த்தாத்தான் நீங்க எதைத் தேடறீங்கன்னு எங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் புத்தகம் வாங்கறோம்."

நாங்கள் தேடுவதைப் பார்த்து அத்தனை பெரிய நூலகம் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. அன்று சாயங்காலம், படித்தேனோ இல்லையோ, கடல்மீன்கள் பற்றிய ஒரு பெரிய படப்புத்தகத்தை எடுத்து மேசைமேல் விரித்து வைத்துவிட்டு வந்தேன். நானும் ஒரு ஓட்டுப் போட்டதுபோல இருந்தது.

மாதங்கள் போயின. தேர்வுக்கு முந்தின சாயங்காலம் எனக்குக் கை கால் ஓடவில்லை. படிக்க ஒன்றுமே இல்லாத தேர்வுக்கு எப்படித் தயாராவது? வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். "இன்னாத்துக்கு இப்டி சுத்திக்கினு கீற? உக்காந்து படி."

"படிக்க ஒண்ணும் இல்லம்மா. புஸ்தகத்தைப் பாத்தே எழுதலாமாம்."

"பாத்து எழுதறதுக்கா காலேஜு கட்டி வுட்டுக்கீறாங்க?" என்றாள். சட்டினிக்குத் தாளித்துக் கொட்டியபடி, "அப்போ நானே வந்து எழுதிட்டுப் போவனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை எங்கள் கைப்பேசிகளை வாசலில் மரப்பெட்டிகளில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே போனதும் நூலகர் ஆளுக்கொரு மடித்த சீட்டு கொடுத்தார். இந்தத் தேர்வுக்கென்றே மூன்று விதிகள் இருந்தன. நூலகரிடம் எதுவும் கேட்கலாம், ஆனால் அவர் விடை சொல்ல மாட்டார்; திருப்பிக் கேள்வி மட்டும்தான் கேட்பார். கூடத்தின் கடைசியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு மேசை இருக்கிறது. அங்கே மட்டும் ஒருவரோடு ஒருவர் பேசலாம், ஆனால் பேச்சிலிருந்து எதையாவது எடுத்து எழுதினால், புத்தகத்தின் பெயரை எழுதுவதுபோலச் சொன்னவர் பெயரையும் எழுத வேண்டும். மூன்றாவதாக, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் உனக்கு இன்னும் தெரியாதது எது என்று எழுத வேண்டும். அந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு.

சீட்டைப் பிரித்தேன். "மெரினாவின் மணல் எங்கிருந்து வந்தது?"

முதலில் சிரிப்பு வந்தது. கடலிலிருந்து வந்தது. முடிந்தது விடை. பிறகு எதிரே கிடந்த வெள்ளைத் தாள்களைப் பார்த்தேன். நாள் முழுக்க நேரம் இருந்தது.

புத்தகப் பட்டியல் இருக்கும் நூலகக் கணினியில் மெரினா என்று தட்டித் தேடினேன். சுற்றுலாப் புத்தகங்கள் வந்தன. எடுத்துப் புரட்டினால் சிலைகள், கலங்கரை விளக்கம், மாலையில் கூடும் கூட்டம். மணலைப் பற்றி ஒரு வரி இல்லை. மணல் இருந்தது என்பதைத் தவிர. புவியியல் பக்கம் போனேன். பாறை உடைந்து மணலாகிறது, ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுவருகிறது என்று இருந்தது. அது உலகத்தில் எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். பள்ளியில் என்றால் அதையே அழகாக இரண்டு பக்கம் எழுதி, அடிக்கோடிட்டு, ஒரு படம் போட்டு முடித்திருப்பேன். ஏனோ இந்த இடத்தில் அப்படிச் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது.

நூலகரிடம் போய் சீட்டை நீட்டினேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கேள்வில எத்தனை வார்த்தை இருக்கு?"

"நாலு, மேடம்."

"எதைத் தேடின?"

"மெரினான்னு தேடினேன். அப்புறம் மணல்னு."

"மிச்சம்?"

அவ்வளவுதான். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு அடுத்தவளிடம் திரும்பிவிட்டார்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்து. வந்தது. வந்தது என்றால், வருவதற்கு முன்னால் அங்கே இல்லை என்றுதானே அர்த்தம்? இந்த எண்ணம் வந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற இடம். சாலையிலிருந்து இறங்கி அலைவரை நடப்பதற்குள் கால் ஓய்ந்துவிடும். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். அந்த மணல் இல்லாத காலம் ஒன்று இருந்ததா? வானம் இல்லாத காலம் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பழைய வரைபடங்களில் பார்த்தால் தெரியுமே என்று போனேன். அவை அகலமான மர இழுப்பறைகளில் தட்டையாகக் கிடந்தன. அவற்றைத் தொடுமுன் கை கழுவ வேண்டும், பக்கத்தில் பேனா வைக்கக் கூடாது, பென்சில் மட்டும்தான். உதவியாளர் இரண்டு வரைபடங்களைத் தூக்கி வந்து பெரிய மேசையில் விரித்தார். ஒன்று மிகப் பழைய பிரதி, ஓரமெல்லாம் பழுப்பு. இன்னொன்று சமீபத்தியது. இரண்டும் ஒரே அளவில் வரையப்பட்டவை அல்ல. அதனால் இரண்டிலும் இருந்த கடலோரக் கோட்டையின் அகலத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்துக்கொண்டு, அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

பழைய படத்தில் கடல் கோட்டையை ஒட்டிக் கிடந்தது. என் காகிதத் துண்டை வைக்கக்கூட இடமில்லை. தெற்கே கீழிறங்கி வந்தேன். சேப்பாக்கம். கட்டடங்களுக்கும் அலைக்கும் நடுவே ஒரு மெல்லிய கீற்று, அவ்வளவுதான். புதிய படத்தில் அதே இடத்தில் அகலமான வெள்ளைப் பட்டை. கோடு போட்டதுபோல அத்தனை நீளம், அத்தனை அகலம்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா பட்டம் விட்ட இடம், தம்பி தொலைந்துபோய் சுண்டல் வண்டியருகே கிடைத்த இடம், நாங்கள் துணி விரித்துச் சாப்பிட்ட இடம், எல்லாமே பழைய படத்தில் கடல். என் காலுக்குக் கீழே இருந்தது ஒரு காலத்தில் தரையே இல்லை. அதுவரை எந்தப் பாடமும் என்னை இப்படித் தொட்டதில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் மேசையில் குனிந்திருந்தார்கள்.

மணல் முன்பு இல்லை என்று தெரிந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. இரண்டு படங்களுக்கும் வேறு என்ன வித்தியாசம் என்று தேடினேன். புதியதில் கோட்டைக்குச் சற்று வடக்கே துறைமுகம். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியதுபோலக் கல் சுவர்கள். பழையதில் அது இல்லை. அதற்கும் மணலுக்கும் என்ன சம்பந்தம்? எவ்வளவு நேரம் முழித்துக்கொண்டிருந்தேனோ, கடைசியில் அனுமதி வாங்கி, இரண்டு படங்களையும் உதவியாளர் தூக்கி வர, பேசும் மேசைக்குப் போனேன்.

அங்கே எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் ரயில் மாறி ரயில் வந்து திருமயிலையில் இறங்குகிறவள். வகுப்பில் கடைசி வரிசை. அதுவரை நாங்கள் இருவரும் பேனா கடன் வாங்கும் அளவுக்குத்தான் பேசியிருந்தோம்.

"உனுக்கு இன்னா கேள்வி?" என்றாள்.

"மெரினா மணல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு. உனக்கு?"

"எங்க வூட்டுக்கு வர்ற தண்ணி எங்கேர்ந்து வருதாம். லாரிலேர்ந்துன்னு எழுதிட்டுக் கெளம்பிரலாமான்னு யோசிச்சிக்கினு கீறேன்."

இருவரும் சிரித்தோம். தேர்வில் சிரிப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. படங்களை அவள் பக்கம் திருப்பி, தெற்கில் நான் கண்டதைக் காட்டினேன். அவள் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. அவள் விரல் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. பழைய படத்தில் ஓரிடத்தில் நின்றது.

"இது எங்க ஏரியாடி."

கரையோரமாக ஒரு தெரு, அதன் கிழக்கே மரங்கள் போட்ட இடம், அதற்கப்பால் கொஞ்சம் மணல், பிறகுதான் கடல். அவள் புதிய படத்தில் அதே இடத்தைத் தேடினாள். அங்கே தெரு இல்லை. மரங்கள் இல்லை. கரையை ஒட்டிக் கல் போட்டதற்கான குறிகள் மட்டும் இருந்தன.

"எங்க அம்மா பொறந்த தெரு இது" என்றாள். "சொல்லிக்கினே இருக்கும். தெரு இருந்துச்சு, அதுக்கு அந்தாண்ட தென்னமரம் இருந்துச்சு, வலை காய வெக்கற எடம் இருந்துச்சுன்னு. நான் சும்மா பீலா வுடுதுன்னு நெனைச்சிக்கினேன்." படத்தைத் தடவினாள். "மெய்யாலுமே இருந்துகீது."

"எப்படிப் போச்சு?"

"மணலு போயிட்ச்சு. மணலு இல்லன்னா வூடு எப்டி நிக்கும்?"

"மணல் எங்க போச்சு?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் வெள்ளைப் பட்டையின்மேல், மெரினாவின்மேல், விரலை வைத்தாள். "உன் கேள்வியே இதான?"

உடனே தலையை ஆட்டி, தான் சொன்னதைத் திருத்திக்கொண்டாள். "இரு, இரு. எங்களுதுதான் அங்க போச்சுன்னு சொல்லக்கூடாது. எங்க ஆளுங்க சொல்றது இன்னான்னா, கடல்ல மணலு நின்னுக்கினே இருக்காது. தெக்கேந்து வடக்க போய்க்கினே இருக்கும். அலை தள்ளிக்கினே போவும். நடுவுல ஹார்பர் கட்டுனாங்க. சொவுரு தடுத்துட்ச்சு. இப்போ பாரு, தெக்கேந்து வர்ற பஸ்ஸெல்லாம் சென்ட்ரல்லயே நின்னுட்ச்சுன்னு வெச்சிக்கோ. அங்க பஸ்ஸா குமிஞ்சிரும். எங்க ஸ்டாப்புக்கு ஒண்ணும் வராது. ஆனா எங்க ஸ்டாப்புலேர்ந்து கெளம்ப வேண்டிய பஸ்ஸு மட்டும் கெளம்பிக்கினேதான் இருக்கும். கடைசில ஸ்டாப்பே காலி."

காலையிலிருந்து நான் தேடியது அவள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சாக இருந்திருக்கிறது. அவளுக்கோ, வீட்டுப் பேச்சு ஒன்று பழுப்பேறிய காகிதத்தில் அச்சாகிக் கிடந்ததை நம்ப முடியவில்லை. அந்தப் படத்தைவிட்டு அவள் கையை எடுக்கவே இல்லை.

அவளுக்கு நான் செய்ய முடிந்தது சின்ன உதவிதான். அதே படத்தில் ஊருக்கு வடமேற்கே பெரிய ஏரி இருந்தது. "தண்ணிக்கு இங்கேர்ந்து ஆரம்பிச்சுப் பாரேன்" என்றேன். அவள் ஒரு குதி குதித்து எழுந்து அலமாரிப் பக்கம் போனாள்.

அவள் சொன்னதைப் புத்தகத்திலும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இந்த முறை எதைத் தேடுவதென்று தெரிந்திருந்தது. கடலோரங்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றில் அலை கரைக்கு நேராக வராமல் சாய்வாக ஏறுவதும், இறங்கும்போது நேராக இறங்குவதும் படமாகப் போட்டிருந்தது. ஏறும்போது சாய்ந்து, இறங்கும்போது நேராக. ஒவ்வொரு அலையிலும் ஒவ்வொரு மணல்துகளும் கொஞ்சம் நகர்கிறது. நம் கரையில் வருடத்தில் சில மாதம் தெற்கு நோக்கியும் போகிறது, ஆனால் கூட்டிக் கழித்தால் வடக்குப் பக்கம்தான் அதிகம். குறுக்கே ஒரு சுவர் வந்தால் ஒரு பக்கம் கரை வளரும், மறுபக்கம் தேயும். புத்தகத்தில் எந்த ஊரின் பெயரும் இல்லை. அம்புக்குறிகளும் கோடுகளும் மட்டும். ஆனால் அந்தப் படம் எங்கள் ஊர்தான். சுவருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவள்.

எழுத ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்யாத ஒன்றை அத்தனை வேகமாக நான் எழுதியதே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது காதில் விழுந்தது, எழுந்திருக்கவில்லை. ஆதாரங்கள் எழுத வேண்டிய இடத்தில் புத்தகத்தின் பெயரையும் வரைபடங்களின் எண்களையும் எழுதினேன். பிறகு அவள் பெயர். அவளும் கேட்டுத்தான் சொன்னாள் என்பது நினைவுக்கு வந்தது. அலமாரிகளுக்கு நடுவே போய் அவளைப் பிடித்து, பேசும் மேசைக்கு இழுத்து வந்தேன்.

"உங்க அம்மா பேர் என்ன?"

"எதுக்குடி?"

"எழுதணும். அவங்க சொன்னதுதான?"

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு பெயரைச் சொன்னாள். எழுத்து எழுத்தாக நான் எழுதுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. இன்னும் தெரியாதது எது? பன்னிரண்டு வருடப் படிப்பில் தெரியாது என்ற சொல்லை நான் ஒரு விடைத்தாளிலும் எழுதியதில்லை. தெரியாத கேள்விக்குக்கூட ஏதாவது நிரப்பிவிட்டு வருவதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த பழக்கம். மெதுவாக எழுதினேன். இந்த மணல் எந்தெந்த ஆற்றின் மணல் என்று எனக்குத் தெரியாது. வடக்கே கடலுக்குள் போன தெரு திரும்ப வருமா என்று தெரியாது. சுவர் கட்டியவர்களுக்கு இது முன்பே தெரிந்திருந்ததா என்பதும் தெரியாது. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. தெரிந்ததைச் சொன்ன பக்கங்கள் சில. தெரியாததை எழுத ஆரம்பித்தால் அந்த நூலகம் முழுவதும் போதாது போல இருந்தது. தலையைத் தூக்கி அலமாரிகளைப் பார்த்தேன். அத்தனை புத்தகங்களையும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்று தெரியாமல் உட்கார்ந்து தொடங்கியிருப்பார் என்று தோன்றியது. முதல் நாள் வந்த திகைப்பு அவை எத்தனை என்பதைப் பார்த்து வந்தது. இது வேறு.

மதிப்பெண் சுமார்தான் வந்தது. பள்ளியில் அப்படி ஒரு எண்ணை வாங்கியிருந்தால் அழுதிருப்பேன். விடைத்தாளைத் திருப்பித் தந்த ஆசிரியை, முதல் பாதி சுற்றுலாப் புத்தகம் போல இருக்கிறது, கடைசிப் பக்கம் நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு நடந்ததுதான் நாங்கள் எதிர்பார்க்காதது. திருத்தி முடித்த தாள்களை, நல்லது கெட்டது பார்க்காமல், எல்லாவற்றையும் அட்டைபோட்டு, எண் ஒட்டி, நூலகத்தில் ஒரு தனி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அடுத்து வருகிறவர்கள் அவற்றை எடுத்துப் படிக்கலாம். தங்கள் விடையில் ஆதாரமாகவும் காட்டலாம். கணினியில் தேடினால் தலைப்பும் எழுதியவள் பெயரும் வரும். ஆதாரத்தில் காட்டியவர்களின் பெயர்களும் வரும்.

நாங்கள் இருவரும் போய்த் தட்டிப் பார்த்தோம். என் பெயர் வந்தது. அவள் பெயர் வந்தது. அதன் கீழே அவள் அம்மாவின் பெயர். அவள் திரையைத் தொட்டாள்.

"எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுடி" என்றாள்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா மார்க்கெட்டில் மீன் வியாபாரத்தை முடித்து அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். தலையில் துண்டு. மகள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"என் பேரையா? கம்பியூட்டர்லயா? இன்னாடி பண்ணிட்டு வந்துகீற? எதுனா கேஸு கீஸு ஆவுமா?"

"கேஸெல்லாம் ஆவாது ஆன்ட்டி" என்றேன். "நீங்க சொன்னத வெச்சு நான் பரீட்சை எழுதினேன். அதான் உங்க பேரு."

"நான் இன்னா சொன்னேன்?"

"தெரு இருந்துச்சு, தென்னமரம் இருந்துச்சுன்னு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "வா" என்று கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். மகளும் பின்னால் வந்தாள்.

வீடுகள் முடிந்ததும் சாலை. சாலையைத் தாண்டினால் உடனே கற்கள். ஆள் உயரக் கருங்கற்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் போட்டவை. அதற்கப்பால் நேராகக் கடல். மணல் என்று சொல்ல ஒரு பிடி இல்லை. அலை கல்லில் மோதி எழும்பி, எங்கள் முகம்வரை தெறித்தது. மெரினாவில் அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகும். அந்த அலை எனக்குப் பழக்கம். இது எதிரே நின்று இடித்தது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

அவர் நகரவில்லை. கை நீட்டினார்.

"அதோ அந்த போட்டு போவுது பாரு, அதுக்கு இந்தாண்ட. அங்கதான் தெரு. மொதல் வூடு எங்க சித்தப்பா வூடு. அதுக்கு அடுத்து எங்க வூடு. அதுக்கு எதிர்ல ஒரு கடை. காலைல அங்க ஆப்பம் போடுவாங்க. கடைக்குப் பக்கத்துல கெணறு. கடலாண்ட கீற கெணறு, ஆனா தண்ணி அப்டி இனிக்கும்."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கை வலமிருந்து இடமாக நகர்ந்தது. ஒரு வீட்டைக்கூட விடவில்லை. யார் வீட்டில் ஓங்கி வளர்ந்த முருங்கை, யார் வீட்டுக் கதவு கிறீச்சிடும், எங்கே கல்யாணப் பந்தல் போடுவார்கள். அந்த இடத்தில் ஒரு ஃபைபர் படகு மெதுவாக வடக்கே போய்க்கொண்டிருந்தது. நானும் அவளும் நீரைத்தான் பார்த்தோம். ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கு அந்த நீரில் தெருவின் இரண்டு பக்கமும் எங்கெங்கே வரும் என்று தெரிய ஆரம்பித்தது.

"இதெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லியே" என்றாள் மகள்.

"நீ எங்க கேட்ட? எப்பப் பாரு போனு."

"மெரினாவுக்குப் போவீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டேன். கேட்டபிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அவர் சிரித்தார். "போவாம? காணும் பொங்கலுக்கு ஒவ்வொரு வருசமும் போவோம். செருப்பக் கழட்டிக் கையில வெச்சிக்கினு நடப்பேன். நல்லா காலப் பொதைச்சி உக்காருவேன். இங்க வர வேண்டிய மணலுதான அது? நாம போயி பாத்துட்டு வர்றோம்."

பெரிய அலை ஒன்று வந்து மூன்று பேரையும் நனைத்தது. அவர் துண்டை அவிழ்த்து முதலில் என் தலையைத் துவட்டினார். பிறகு மகள் தலையை. "வாங்க, வாங்க, சோறு ஆறுது" என்று சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்தார். வண்டிகள் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் அவர் பின்னால் ஓடினோம்.